ஊர்ப் பொதுப்பணமும் பெண்மக்களும்



காஞ்சிபுரத்திற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. குடவோலை முறையைப் பற்றி நீங்கள் பாடநூலிலே படித்திருப்பீர்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்ததும், தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டதும், ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்ததும் உங்களுக்குத் தெரிந்த செய்திகளே. ஆகையால் இன்று நான் தேர்தலைப் பற்றிப் பேசப் போவதில்லை. பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஊரார் கூடிப் பணம் சேர்த்தால் அது யாருக்குப் பயன்படுகிறது? அதைச் செலவிட முடிவு செய்பவர் யார்? கணக்குக் கேட்பவர் யார்? இம்மூன்று வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு, அக்கல்வெட்டிலிருந்து நம் காலம் வரையில் ஒரு முறை நடந்து வருவோம்.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். ஊர்ச்சபையாரின் கீழ் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். அவர்கள் பதவி முந்நூற்று அறுபது நாள். குற்றம் கண்டால் இடையிலேயே விலக்குவதற்கும் விதி உண்டு.

பல்லவன் தந்திவர்மன் காலத்தில், அவனது சிறப்புப் பெயரால் வயிரமேக தடாகம் என வழங்கப்பெற்ற பேரேரி இவ்வூருக்கு உயிர்நாடி. ஏரி தூர்ந்தால் ஊர் வாழாது. ஆண்டுதோறும் சேற்றை வாரிக் கரையில் இடவேண்டும். அதற்குப் பணம் வேண்டுமே! அன்பர்கள் பொன்னைச் சபையாரிடம் முதலாக ஒப்படைத்தார்கள். சபையார் அம்முதலைச் செலவிடாமல், அதனால் வரும் வட்டியைக் கொண்டு தூர் எடுத்தார்கள். வட்டியைக் கல்வெட்டுகள் ‘பொலிசை’ என்று சொல்லும். வட்டியால் நடக்கும் அறம் ‘பொலியூட்டு’. கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை ஓர் இடையரிடம் விட்டால், அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்த ஆடு இறந்தாலும் குட்டிகள் அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் என்றும் குறையாது. கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை நிற்க வேண்டும் என்னும் நுண்ணிய பொருளியல் அது.

முதல் குறையாமல் இருக்க வேண்டுமானால், காப்பவர் நேர்மையாக இருக்க வேண்டும் அன்றோ? இங்கேதான் உத்திரமேரூர்ச் சபையார் நம்மை வியக்க வைக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்று விதித்தார்கள். அவரை மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் இடலாகாது. எந்தெந்த உறவு முறையினர் என்பதையும் ஒவ்வொன்றாகக் கல்லிலே வெட்டினார்கள். ஓலையைப் பெறுகின்றவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதென்பது அதன் கருத்து. மனிதரை நம்பினார்கள், ஆயினும், நம்பிக்கைக்குக் காவலாக விதியையும் வைத்தார்கள்.

பெருமைப்படத்தக்க வரலாறுதான் இது. ஆனால், மாணவியரே, இப்போது உங்கள் முறை வருகிறது. அந்தக் குடத்தில் இடப்பட்ட ஓலைகளில் ஒரு பெண்ணின் பெயரேனும் இருந்திருக்குமா? இருந்திருக்க இயலாது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், தன் மனையிற் கட்டிய வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாக விதிக்கப்பட்டன. கூடுதல் கல்வி உடையார்க்கு நிலத்தில் சிறிது தளர்வு உண்டு. பெண்கள் மட்டுமல்லர், உழுதவர், நெய்தவர், ஆடு மேய்த்தவர், ஏரியில் சேறு சுமந்தவர் ஆகிய பலரும் அந்தக் குடத்துக்கு வெளியிலேதான் நின்றார்கள்.

பெண்கள் கொடுக்காமல் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. செம்பியன் மாதேவியாரும் குந்தவைப் பிராட்டியாரும் அளித்த கொடைகள் சோழநாடெங்கும் கல்லில் நிற்கின்றன. அரசியர் மட்டுமன்றி எளிய இல்லத்துப் பெண்களும் நந்தா விளக்குக்கு ஆடும் பொன்னும் விட்டதைப் பல ஊர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. கொடுக்கும் கையாகப் பெண்ணின் கை இருந்தது; முடிவு செய்யும் கையாக அது இல்லை.

பயன் பெற்றார்களா என்று பார்ப்போம். உத்திரமேரூருக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டினது, கோயில் வருவாயைக் கொண்டு நடந்த பள்ளியையும் மருத்துவமனையையும் விரித்துரைக்கிறது. மாணவர்க்கு உணவு உண்டு. சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெயும் உண்டு. வீரசோழன் என்னும் பெயருடைய மருத்துவமனையில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பேணப் பெண்கள் இருவர். அவ்விரு பெண்களுக்கும் நெல் கூலியாக அளக்கப்பட்டது. பொதுப்பணத்தில் வேலையும் கூலியும் பெற்ற பெண்கள் அவர்கள். ஆயினும் அதே வளாகத்தில் நடந்த பள்ளி ஆண்பிள்ளைகள் வேதமும் இலக்கணமும் ஓதுவதற்கே அமைந்தது. நோயாளியின் அருகில் பெண்ணுக்கு இடம் இருந்தது. ஓலைச்சுவடியின் அருகில் இல்லை.

இந்த நிலை நெடுங்காலம் நீடித்தது. 1951-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்திய நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒன்பதின்மர்கூட இல்லை. ஊர்ப்பணம் கோயிலுக்கும் குளத்துக்கும் திருவிழாவுக்கும் சேர்ந்தது; பெண்குழந்தைக்கென்று சேர்ந்தது அரிது.

பெண்களுக்கென்றே நாடு முழுவதும் பணம் திரட்டிய பெருமுயற்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அன்னை கஸ்தூரிபா, புனா ஆகாகான் மாளிகையில் சிறைக் காவலிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாகத் திரட்டிய நிதி ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம் என்றிருந்தால் அப்பணம் அதோடு முடிந்திருக்கும். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே அது செலவாக வேண்டும் என்று காந்தியடிகள் உறுதியாக நின்றார். தமிழ்நாட்டில் அப்பணியை மேற்கொண்டவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். மதுரைக்கு வடக்கே சின்னாளப்பட்டியில் சிறிய பிரசவ நிலையமாகத் தொடங்கியது, 1947-இல் தோன்றிய காந்திகிராமத்தோடு வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று.

அது நாடளவில் திரண்ட நிதி. ஒரு சிற்றூர் தன் பிள்ளைகளுக்காகத் தானே திரட்டிய கதைக்கு நாம் மீண்டும் நம் மாவட்டத்துக்கு வர வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வித் துறையின் இயக்குநராக இருந்தவர் அவர். ஏழைப்பிள்ளை பள்ளிக்கு வாராமைக்குப் பசியே முதற் காரணம் என்பதை இருவரும் கண்டிருந்தனர். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920-லேயே சர். பிட்டி தியாகராயர் முயற்சியால் உணவளித்துப் பார்த்ததுண்டு. சில ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. மாநிலம் முழுவதும் அதைச் செய்யக் கருவூலத்தில் பணம் போதாது. ஆகவே, ஊராரை அழைத்தார்கள்.

1956-இல் ஊராரின் கொடையைக் கொண்டே மதிய உணவு தொடங்கிற்று. 1957-இல் அரசு தன் பங்கை அளிக்க முன்வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளை உணவுச் செலவு பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறு பைசாவை அரசு கொடுத்தது. எஞ்சிய நான்கு பைசாவை ஊர் திரட்ட வேண்டும். அந்த நான்கு பைசாவை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அது நாள்தோறும் வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் வேண்டும். அறுவடையில் நெல் கொடுத்தவர் உண்டு. காய்கறி கொடுத்தவர் உண்டு. விறகு கொடுத்தவர் உண்டு. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவரிடமும் ஒரு பிடி அரிசி இருந்தது.

அடுத்து, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு நடந்தது அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். உத்திரமேரூரும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. மாநாடு என்றவுடன் சொற்பொழிவு என்று எண்ணாதீர்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் முன்னரே பட்டியல் எழுதுவார்கள்: கூரை, கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, விளையாட்டுப் பொருள், ஏழைப்பிள்ளைகளுக்குச் சீருடை. ஊரார் தத்தமக்கு இயன்றதை ஏற்றுக்கொள்வார்கள். ஏரிக்குப் பொன் கொடுத்த ஊர்கள், இப்போது கரும்பலகைக்குப் பணம் கொடுத்தன.

இதில் பெண்பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்; பல வீடுகளின் கதையும் அதுவே.

என் தமக்கையை எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் முதலில் சேர்க்கவில்லை. பெண்பிள்ளை பள்ளிக்குப் போனால் தம்பியை யார் தூக்குவது? கஞ்சி காய்ச்சுவது யார்? பள்ளியில் உணவு என்று வந்தபோது என் தாயார் மனம் மாறினார். பிள்ளை ஒருத்தி அங்கே உண்டால் வீட்டில் ஒரு வாய் குறையும் என்ற கணக்கு அது. அக்கணக்கைக் குறை சொல்லாதீர்கள். வறுமை போட்ட கணக்கு. அடுப்படியில் ஒரு சிறு மண்பானை இருந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் வந்து வாங்கிப் போவார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் வேளைக்கு அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பானையில் கை வைத்ததில்லை என்று என் தாயார் பிற்காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘சாவா மூவாப் பேராடு’ என்ற சொல்லை நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு நினைவில் வந்தது அந்த மண்பானைதான்.

தமக்கை ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். ஆறாம் வகுப்புக்கு மூன்று கல் நடக்க வேண்டும். ஆண்பிள்ளையாகிய நான் நடந்தேன், அவரை அனுப்பவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்றேன். அவர் வயல் வேலைக்குப் போனார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தமையால், நான் விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களைத் தாயாருக்குப் படித்துக் காட்டியவர் அவரே. ஒரே பானையின் அரிசி இருவருக்கும் வழி திறந்தது. ஒருவருக்கு அவ்வழி பாதியில் முடிந்தது. ஊரார் சேர்த்த பணம் எது வரைக்கும் சென்றது, எங்கே நின்றது என்பதை இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு நேர்மையுடையதாகும்.

பின்னர் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. உணவுச் செலவை அரசே பெரிதும் ஏற்றது. ஊராரின் பங்கு உணவை விட்டுக் கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை என வேறு தேவைகளுக்குத் திரும்பியது. இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில், மாணவியருக்குக் கழிப்பறை கட்டப் பெற்றோரிடம் பணம் திரட்டினோம். எட்டாம் வகுப்பு மாணவியர் பலர் அடிக்கடி வாராமல் நின்றதற்கு அதுவே காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெருந்தொகை கொடுத்த சிலர், முதலில் நுழைவாயிலில் வளைவு ஒன்று அமைத்து நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க விரும்பினார்கள். நானும் தடுக்கவில்லை. வளைவு எழுந்தது, கழிப்பறைக்குப் பணம் போதவில்லை. ஒருவரும் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும், வரவும் செலவும் எழுதி யாருக்கும் காட்டவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். கூலி வேலை செய்பவர். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர். “சார், எங்க குழுவுல அஞ்சு ரூபா கொறைஞ்சாலும் நோட்டுல எழுதிடுவோம். நாங்க குடுத்த பணத்துக்கு நோட்டு எங்க சார்?” என்றார். கூட்டத்தில் அரவம் அடங்கியது. ஆண்டுதோறும் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கரும்பலகையில் எழுதி, கணக்குக் காட்டாதவர் குடத்தில் ஏறமாட்டார் என்று நடத்தியவன் நான். எனக்கு விடை இல்லை.

அன்று மாலையே கணக்கை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டினேன். பணம் திரட்டும் குழுவில் தாய்மார் இருவரைச் சேர்த்தோம். அவர்களே வீடுவீடாகச் சென்று எஞ்சிய தொகையைச் சேர்த்தார்கள். கழிப்பறை ஓர் ஆண்டு பிந்திக் கட்டப்பட்டது. அந்த ஓராண்டில் படிப்பை விட்ட மாணவியர் இருவர் திரும்பி வரவே இல்லை. வளைவு இன்றும் நிற்கிறது.

அந்தத் தாய்க்குக் கணக்குக் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது? 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1997-98-இல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் அது மாநிலமெங்கும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. ஒவ்வொருவரும் தவறாமல் சிறு தொகை சேமிக்க வேண்டும். சேர்ந்த பணத்தை உறுப்பினருக்கே வட்டிக்குக் கொடுப்பார்கள். வட்டியும் பொது நிதியிலேயே சேரும். வங்கியும் கடன் தரும். மகளின் கல்லூரிக் கட்டணம், கணவனின் மருத்துவம், கறவை மாடு, தையல் இயந்திரம் என்று அப்பணம் வீடுகளுக்குள் செல்கிறது. இது பழைய பொலியூட்டே அன்றோ? வேறுபாடு ஒன்றுண்டு. பணம் கொடுப்பவரும், முடிவு செய்பவரும், கணக்கு எழுதுபவரும் இங்கே பெண்களே. குறைகள் இல்லாமல் இல்லை. குழுக் கடன் போதாமல் தனியாரிடம் மிகுவட்டிக்கு வாங்கித் துன்புறுவோர் உண்டு. மனைவி பெயரில் கடன் வாங்கிக் கணவன் செலவிடுவதும் உண்டு. ஆயினும், கூட்டத்தில் எழுந்து ‘நோட்டு எங்கே?’ என்று கேட்கும் பழக்கத்தை அக்குழுக்கள் கற்றுக்கொடுத்தன.

சட்டமும் துணைக்கு வந்தது. 1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-இல் செய்த திருத்தம் அதனைப் பாதியாக உயர்த்தியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. குடத்துக்கு வெளியே நின்றவர்களின் பெயர்கள் குடத்துக்குள் வந்துவிட்டன. 2011 மக்கட்கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 73 பேர். எஞ்சியவர்களில் என் தமக்கையின் தலைமுறையினர் மிகப் பலர்.

மாணவ மாணவியரே, விடுமுறையில் ஒருநாள் உத்திரமேரூருக்குச் சென்று அக்கல்லைக் கண்ணால் காணுங்கள். முன்னோர் செய்த இரண்டையும் காணுங்கள்: பொதுப்பணத்துக்குக் கணக்கு வைத்ததையும், அக்கணக்கைக் கேட்கும் உரிமையைச் சிலருக்கே வைத்துக்கொண்டதையும். முதலாவதைக் காத்து, இரண்டாவதைத் திருத்துவது நம் கடமை. உங்கள் ஊரில் பள்ளிக்கென்றோ நூலகத்துக்கென்றோ பணம் திரட்டினால், உங்களால் இயன்ற ஒரு பிடியைக் கொடுங்கள். கொடுத்த பிறகு, உங்கள் தாயாரையும் அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குச் செல்லுங்கள். கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் படிக்க வராவிட்டால், பக்கத்தில் நின்று நீங்கள் படித்துக் காட்டுங்கள்.